பி.டி. பீரியடில் ஓடுவது எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கடன் வாங்குவது பற்றி நிறைய எழுதியாயிற்று. கடன் போகாமல் தப்பிய பாடவேளையில் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 40 நிமிடத்தில் மைதானத்துக்கு வர, வருகை எடுக்க, அணி பிரிக்க, கை கால் கழுவித் திரும்ப என்று பாதி கரைந்துவிடும். மிச்ச நேரத்திலும் பெரும்பாலோர் நிற்கிறார்கள், அல்லது உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை அளக்க எளிய வழி இருக்கிறது. அமெரிக்காவில் தாமஸ் மெக்கென்சி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1991-ல் வெளியிட்ட 'சாஃபிட்' முறைக்கு ஒரு தாளும் கடிகாரமும் போதும். நான்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒருவரை 10 வினாடி பார்த்து, அடுத்த 10 வினாடியில் குறிக்க வேண்டும். படுத்திருந்தால் 1, உட்கார்ந்தால் 2, நின்றால் 3, நடந்தால் 4, அதைவிட வேகமென்றால் 5. பத்தாவது வினாடி முடியும் கணத்தில் என்ன செய்கிறாரோ அதுவே கணக்கு. 12 குறிப்பு ஆனதும் அடுத்த மாணவர்; நால்வரும் முடிந்ததும் மறுபடி முதலாமவர். 30 நிமிடத்தில் 90 குறிப்பு சேரும்; அதில் 4-ம் 5-ம் சேர்ந்து 45-ஐத் தொட்டால் பாதி நேரம் உடல் இயங்கியிருக்கிறது. பாதி என்பதே பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. நால்வரையும் வருகைப் பதிவேட்டைப் பார்த்து முன்பே குறித்துவிடுவது நல்லது. மைதானத்தில் இறங்கித் தேடினால் கண் நன்றாக ஆடுகிறவனிடமே போய் நிற்கும். பாடம் நடத்துகிறவரே குறிக்கவும் முடியாது. காய்ச்சல் என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் தாளைக் கொடுக்கலாம்.

அளந்து பார்த்தால் நாம் பெருமையாக நினைக்கும் ஆட்டங்களே குறைவாக வரும். கோ-கோவில் எட்டுப் பேர் கட்டத்தில் உட்கார, விரட்டுபவர் ஒருவர், ஓடுபவர் மூவர். 40 பேர் வகுப்பில் ஒரே ஆட்டம் நடந்தால் எந்த நேரத்திலும் ஓடுவது நான்கு பேர்தான்! நீளம் தாண்டுதல் இன்னும் மோசம். குழி ஒன்று, ஆள் 40, அளந்து மணலைச் சமன்செய்ய ஆளுக்கு அரை நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கே 20 நிமிடம். ஒரு மாணவருக்குக் கிடைப்பது ஐந்து வினாடி ஓட்டம்.

ஆட்டங்களை விட வேண்டியதில்லை, விதியை வகுப்புக்கு ஏற்ப மாற்றினால் போதும். கபடியில் அவுட்டானவர் வெளியே உட்காராமல் எதிரணியில் சேரட்டும். கால்பந்தைப் பதினொருவராக ஆடாமல் நான்குக்கு நான்காக, சுண்ணாம்புப் பொடியில் 10-க்கு 15 மீட்டர் கட்டம் போட்டு ஆடலாம். 40 பேருக்கு ஐந்து கட்டம், ஐந்து பந்து. இடம் போதாவிட்டால் பாதிப் பேர் ஸ்கிப்பிங், நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும். நீளமானால் சிக்கும், குட்டையானால் காலில் அடிக்கும். வருகையை அவர்கள் ஆடும்போதே எடுத்துவிடலாம். விளக்கம் அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

பெண் பிள்ளைகளிடம் ஒரு டென்னிகாய்ட் ரிங்கைக் கொடுத்து மரத்தடிக்கு அனுப்புவது இன்னும் தொடர்கிறது. கோட்டும் துப்பட்டாவுமாக ஓடச் சொல்வதும் நியாயமில்லை. அவர்களுக்கு விளையாட்டு வகுப்புள்ள எல்லா நாளும் பி.டி. சீருடைக்கு அனுமதி வேண்டும். நண்பகல் 12 முதல் 2 வரை வெயிலில் பாடவேளை போட்டால் எந்தத் திட்டமும் நடக்காது என்பதையும் கால அட்டவணை போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்து பந்துக்கு எங்கே போவது என்பீர்கள். பல பள்ளிகளில் பந்து பீரோவுக்குள் இருக்கிறது, காற்று இறங்கி. வெளியே எடுத்தால் தேயும், தேய்ந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். தேய்ந்தவற்றைப் பருவத்துக்கு ஒருமுறை கணக்கிலிருந்து நீக்கத் தலைமையாசிரியருக்கே அதிகாரம் கொடுத்து, ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பதிவேட்டோடு மைதானத்தையும் பத்து நிமிடம் பார்க்கப் பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
ஈரோடு மாவட்டம்