ஆற்று மட்டிகளை இடம் மாற்ற உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

பாலப்பணி தொடங்குவதற்கு முன்பே, ஆற்றுப்படுகையில் புதைந்திருந்த நன்னீர் மட்டிகளை எடுத்து, ஆற்றின் மேற்பகுதியில் சேதமில்லாத சரளைப் படுகையில் சேர்த்துவிட்டோம். இதற்குத் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

முழங்காலளவு நீரில் குனிந்து, விரல்களால் சரளையைத் துழாவிய மாணவர்களை முதலில் நினைக்கிறோம். படுகைக்கு மேலே மட்டி காட்டுவது இரண்டு சிறு துளைகளை மட்டுமே. ஒன்றின் வழியே நீரை உள்ளிழுத்து, பாசியையும் பாக்டீரியாவையும் செவுள்களில் வடித்துக்கொண்டு, மற்றொன்றின் வழியே தெளிந்த நீரை வெளிவிடுகிறது. வளர்ந்த மட்டி ஒன்று நாளொன்றுக்கு 40 லிட்டர் வரை வடிகட்டக்கூடும். எடுத்த ஒவ்வொன்றையும் நீருக்குள்ளேயே வலைப்பையில் வைத்திருந்து, ஓட்டைத் துடைத்து எண்வில்லை ஒட்டி, கால் வெளிவரும் முனை கீழே இருக்கும்படி பொறுமையாக நட்டவர்கள் அவர்களே.

எந்த மீன் எந்த மடுவில் தங்கும், எப்போது மேலேறும் என்பதைச் சொல்லித்தந்த மீனவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. மட்டியின் வாழ்க்கை மீனைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறது. தாயின் செவுள்களில் வளரும் குளோக்கிடியா எனும் நுண்ணிய இளவுயிரிகள், வெளியே வந்ததும் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொள்ள வேண்டும். பொருந்தாத மீனாக இருந்தால் அதன் உடல் அவற்றை உதிர்த்துவிடும். ஐரோப்பாவின் முத்து மட்டிக்கு சால்மனோ பழுப்பு டிரவுட்டோ வேண்டும். லாம்ப்சிலிஸ் வகைத் தாய்மட்டிகள் சில, தம் உடல்மடிப்பைக் கண்ணும் வாலுமுள்ள குட்டிமீனைப் போல அசைத்து, கவ்வ வரும் மீனின் வாய்க்குள்ளேயே இளவுயிரிகளைப் பீய்ச்சிவிடுகின்றன. எனவே அணையொன்று மீனைத் தடுத்தால் மட்டியின் வம்சமும் நின்றுபோகிறது. நூறாண்டுக்கு மேல் வாழும் இனங்களும் இருப்பதால், கிழட்டு மட்டிகள் மட்டும் மிஞ்சிய ஆறுகூட வெளிப்பார்வைக்கு வளமாகவே தோன்றும். அதனால்தான் சல்லடையில் நகக்கண்ணளவு குஞ்சுமட்டிகள் அகப்பட்டபோது எங்களுக்கு அத்தனை மகிழ்ச்சி.

அந்தக் குஞ்சுகள் சில ஆண்டுகள் சரளையின் இடுக்குகளிலேயே வாழ்பவை. வண்டல் படிந்தால் மூச்சுமுட்டி இறந்துவிடும். வண்டல்தடுப்புத் திரை கட்டி முடியும்வரை எந்திரங்களை நிறுத்திவைத்த பொறியாளர்களும், கரையோரப் புல்லையும் மரங்களையும் உழாமல் விட்டிருக்கும் மேல்பகுதி உழவர்களும் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இனங்களை அடையாளம் கண்டுதந்த ஆய்வாளர்களுக்கும் நன்றி.

இடமாற்றம் என்பது வேறு வழியில்லாதபோது செய்யும் கடைசி உதவி என்பதே எங்கள் கருத்து. மீனும் சரளையும் நீரோட்டமும் காக்கப்படாமல் மட்டியை மட்டும் காக்க முடியாது. அழிந்துபோனவை என 2023-இல் அமெரிக்கா தன் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கிய 21 இனங்களில் 8 நன்னீர் மட்டிகள்.

அடுத்த கோடையில் நீர் குறைந்ததும், எண்வில்லை ஒட்டிய மட்டிகளைத் தேடிப் பார்த்து, எத்தனை உயிரோடிருக்கின்றன, எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பதிவுசெய்ய இருக்கிறோம். அதற்கும் நீங்கள் வர வேண்டும். இடையில் அப்படியொரு மட்டி யார் கையிலாவது அகப்பட்டால், எண்ணைக் குறித்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப நட்டுவிட்டு எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
மட்டி இடமாற்றக் குழுவினர்