செயலாளரின் ஆண்டறிக்கை: பகிர்வு அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிண்டியில் ஒரே தளத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் நமது கட்டடத்தில், மதிய உணவு இடைவேளையில் மடிக்கணினி ஒன்று களவுபோனதையடுத்து, இவ்வாண்டு செயற்குழுவின் கவனம் பெரும்பாலும் கணினிப் பாதுகாப்பிலேயே இருந்தது. காவல் நிலையத்தில் முதலில் கேட்கப்படுவது வரிசை எண் என்பதால், எல்லாக் கருவிகளின் எண்களும் ரசீது நகல்களும் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ரிச்சி தெருவில் வாங்கிய கேபிள் பூட்டுகள் மேசைதோறும் பொருத்தப்பட்டுள்ளன. அவை போகிறபோக்கில் எடுத்துச் செல்பவரைத் தடுக்குமேயன்றி, வெட்டுக்கருவியோடு வருபவரைத் தடுக்கா. மேசைக்காலைத் தூக்கினாலே கழன்றுவிடும்படி மாட்டினால் அந்தப் பயனும் இல்லை.

திருட்டைவிடச் செயற்குழுவை அதிகம் உறுத்தியது, யாரும் அறியாமல் கணினியில் கைவைக்கப்படும் வாய்ப்புதான். களவுபோன கணினி அன்றே தெரிந்துவிடும். ஆனால், விசைப்பலகைக் கம்பிக்கும் யூ.எஸ்.பி. துளைக்கும் இடையே செருகப்படும் விரல்நுனி அளவுக் கீலாகர், தட்டும் கடவுச்சொற்களையெல்லாம் மாதக்கணக்கில் சேமித்துக்கொண்டிருந்தாலும் வைரஸ் தடுப்பு மென்பொருளின் கண்ணில் பொதுவாகப் படாது. பல மேசைக்கணினிகளில் பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையின் நாணய வடிவ பேட்டரியைச் சற்று நேரம் கழற்றினாலே பயாஸ் எனப்படும், கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளின் கடவுச்சொல் அழிந்துவிடுகிறது. ஆகவே பெட்டிகளுக்குத் தனிப் பூட்டு போடப்பட்டது. திருகுகளின்மேல் மினுமினுப்பு நகப்பூச்சு தடவி, அதன் புள்ளிகள் அமைந்த விதம் படமெடுத்து வைக்கப்பட்டது. இந்த யோசனையைக் கேட்டுச் சிலர் சிரித்தாலும், திறந்து மூடியபின் அதே புள்ளிக்கோலத்தை மறுபடி உருவாக்குவது மிகக் கடினம்.

வட்டுகளில் உள்ள தரவைத் திறவுகோலின்றிப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்த உறுப்பினர்கள், வீடு திரும்பும்போது கணினியை உறக்கநிலையில் விடாமல் முழுவதும் அணைக்க வேண்டுகிறேன். இயங்கும் அல்லது உறக்கநிலையிலுள்ள கணினியின் நினைவகத்தில் குறியாக்கத் திறவுகோல் தங்கியிருப்பதையும், மின்சாரம் நின்ற சில நொடிகள்வரை அதை மீட்க முடிவதையும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் செய்துகாட்டினர்.

சர்வர் அறைக்கு மரக்கதவு போட்டால் காற்றோட்டமின்றி அக்னி நட்சத்திர வெயிலில் கருவிகள் தாங்கா என்பதால், கம்பிக்கதவு அமைக்கப்பட்டது. ஏ.சி. பழுதுபார்ப்பவர் உட்பட யார் உள்ளே சென்றாலும் கையொப்பமும் நேரமும் பெறப்படுகின்றன. கேமராக்கள் விசைப்பலகைகளை நோக்காமல் வாயில்களை நோக்குமாறு திருப்பப்பட்டன.

கம்பிக்கதவின் மாற்றுச்சாவி யாரிடம் இருப்பது என்பதில் கட்டட உரிமையாளரோடு இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை. அதனைப் பொதுக்குழுவின் முடிவுக்கு வைக்கிறேன்.