உறுதியான கேமரா எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் சென்ற வாரம் கேமரா வாங்குவோருக்கான வழிகாட்டிக் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. நீர் புகாத சிறிய கேமராவைப் புதிதாக வாங்குவதா, ஏறக்குறைய அதே தொகைக்குக் கிடைக்கும் பழைய தொழில்முறை டிஎஸ்எல்ஆர் கேமராவை (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா) வாங்குவதா என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட கட்டுரையாளர், தொழில்முறை கேமராவே படத்தின் தரத்தில் உயர்ந்தது என்றும், உறுதியிலும் அதுவே மேலானது என்றும், ஆகவே காடு மலை என்று அலைபவர்களுக்கும் அதுவே ஏற்றது என்றும் முடிவு கூறியிருந்தார். படத்தின் தரத்தைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். உறுதியைப் பற்றி எழுதியதை நம்பி யாரேனும் ஒரு பழைய டிஎஸ்எல்ஆருடன் ஓடையில் இறங்கிவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். குளக்கரைகளிலும் ஓடைகளிலும் தட்டான்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வரும் எனக்கு இருவகைக் கேமராக்களோடும் நெடுநாள் பழக்கம் உண்டு. இரண்டையும் ஒவ்வொரு முறை தண்ணீருக்குப் பறிகொடுத்த அனுபவமும் உண்டு.

கேமராவின் உறுதியில் இரண்டு வகை இருக்கிறது. முதலாவது உழைப்பைத் தாங்கும் உறுதி. 2007-இல் வெளிவந்த நிக்கான் டி3 கேமராவின் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, 3,00,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த நிக்கான் டி700, கேனான் 5டி மார்க் 2 ஆகியவற்றின் ஷட்டர்கள் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டன. நாள்தோறும் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தாலும் தளராமல், மெக்னீசியக் கலவை உலோக உடலுடன், பை நிறைய லென்ஸ்களோடு உரசி உரசிப் பெயிண்ட் உதிர்ந்த பின்னும் வேலை செய்யும் வலிமை அது. இரண்டாவது விபத்தைத் தாங்கும் உறுதி. 2019-இல் வந்த ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 என்ற சிறிய கேமராவுக்கு அதன் தயாரிப்பாளர் அளித்த வரம்புகள் இவை: 15 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், 100 கிலோ எடை அழுத்தினாலும் நொறுங்காது, உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி குளிரிலும் இயங்கும். இப்படிப்பட்ட உறுதிமொழி எதையும் டி700 கேமராவின் கையேட்டில் காண முடியாது. உழைப்பைத் தாங்குவது விபத்தையும் தாங்கும் என்று கட்டுரையாளர் கொண்டதுதான் அவருடைய முடிவைத் திசை மாற்றிவிட்டது.

தொழில்முறை உடல்களில் தூசியையும் ஈரத்தையும் தடுக்கும் ரப்பர் அடைப்புகள் உண்டு என்பது உண்மையே. தூறலில் நின்று படமெடுக்கவும் புழுதியில் வேலை செய்யவும் அவை உதவுகின்றன. ஆனால் உடலில் அடைப்பு இருந்தால் மட்டும் போதாது; பொருத்தும் லென்ஸின் பின்விளிம்பிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். பழைய லென்ஸ்கள் பலவற்றில் அது கிடையாது. ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அந்தக் காற்றோடு ஈரமும் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ரப்பருக்கும் வயதாகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன உடலில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. பாசி படிந்த பாறையில் நான் வழுக்கி விழுந்த ஒரு காலையில், என் தோளில் தொங்கிய டிஎஸ்எல்ஆர் இடுப்பளவு நீரில் மூழ்கியிருந்தது சில நொடிகள்தான். உடனே பேட்டரியைக் கழற்றினேன், பல நாள் உலர வைத்தேன். ஆயினும் அது மீளவில்லை. திறந்து பார்த்தவர், லென்ஸ் பொருந்தும் வாய் வழியாக இறங்கிய நீர் உள்ளே இருந்த மின்சுற்றை அரித்துவிட்டதாகக் கூறினார்.

இதனால் சிறிய கேமராவை நான் கண்மூடிப் புகழ்வதாகக் கொள்ள வேண்டாம். கட்டுரையாளர் அதன் நீர்த்தடுப்பை அசைக்க முடியாத ஒன்றாக எழுதியிருந்தார். அதையும் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கேமராவுக்குள் நீர் புகாமல் காப்பது, பேட்டரிக் கதவிலும் இணைப்புத் துளைகளின் கதவிலும் இருக்கும் மெல்லிய ரப்பர் விளிம்புதான். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், துடைத்த துணியின் ஒரு நூலிழை அதன் மேல் படிந்திருந்தால் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் இரு மடங்காகிறது. அங்கே அந்த முடியின் பக்கவாட்டு இடைவெளி சிறியதல்ல. என்னுடைய முதல் சிறிய கேமரா அப்படித்தான் போயிற்று. கரையில் அமர்ந்து அவசரமாக மெமரி கார்டை மாற்றினேன், கதவை மூடினேன், பூட்டுத் தாழைத் தள்ளினேன். விளிம்பை மட்டும் பார்க்கவில்லை. முழங்கால் ஆழத்துக்குள்ளேயே திரையில் கோடுகள் ஓடி, பிறகு அணைந்துவிட்டது. அதன் பிறகு, ஈரக் கையோடு கதவைத் திறப்பதே இல்லை. மூடுவதற்கு முன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் நீரில் இறக்குவதும் இல்லை.

இந்த வகைக் கேமராக்களின் கையேடுகளைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு இன்னும் சில செய்திகள் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அடைப்புகளைச் சோதித்து மாற்றும்படி அவை அறிவுறுத்துகின்றன. பலமாகக் கீழே விழுந்த பின் நீர்த்தடுப்புக்கு உறுதி இல்லை என்றும் சொல்கின்றன. அதாவது, விழுவதையும் தாங்கும், நீரையும் தாங்கும் என்று பெட்டியில் அருகருகே அச்சிடப்பட்ட இரண்டும் அடுத்தடுத்து நிகழும்போது ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கடல்நீரில் பயன்படுத்தினால் நல்ல நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். உப்பு உலர்ந்து படிகமாகிவிட்டால் அதுவே விளிம்பைத் தூக்கிவிடும். வெயிலில் சூடேறிய கேமராவைக் குளிர்ந்த நீரில் சட்டென்று முக்கினால் உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் லென்ஸ் கண்ணாடியின் உட்புறம் பனிபோல் படியும். ஆக, இந்த உறுதி பராமரித்தால் மட்டுமே நிலைப்பது. பழைய டிஎஸ்எல்ஆரைச் செகண்ட் ஹேண்டாக வாங்குவதில் தவறில்லை. நீர் புகாத கேமராவைச் செகண்ட் ஹேண்டாக வாங்கி நீரில் இறக்குவது, என் கருத்தில், செய்யவே கூடாத செயல்.

இனி ஒளியைப் பற்றி. டி700 போன்ற முழுச்சட்டக் கேமராவில், ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவே இருக்கும்: 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். நீர் புகாத சிறிய கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், பரப்பு 28-க்குச் சற்று மேல். டி700, டிஜி-6 ஆகிய இரண்டும் 12 மெகாபிக்சல் கேமராக்களே என்றாலும், பிந்தையது அத்தனை புள்ளிகளையும் முப்பதில் ஒரு பங்கு பரப்பில் அடக்குகிறது. ஒரே எஃப் எண்ணில் (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் எண்; அது சிறியதானால் துளை பெரிது), ஒரே ஷட்டர் வேகத்தில் பெரிய சென்சார் முப்பது மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. படக்கலைஞர்கள் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய ஐந்து ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது. புதிய சென்சார்களின் தொழில்நுட்பம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, மூடிவிடவில்லை. மங்கிய மேடை விளக்கில் ஆடும் குழந்தையின் முகத்தைச் சிறிய கேமராவில் எடுத்தவர்கள், தோலின் நிறம் மணலைத் தூவியதுபோல் சிதறிக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். அதே முகத்தைப் பழைய டி700, மங்கிய ஒளிக்காக உணர்திறனை ஐஎஸ்ஓ 3200 வரை உயர்த்தினாலும், அமைதியாக எழுதித் தந்துவிடும்.

ஆனால் கட்டுரையாளர் லென்ஸைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். டிஜி-6 கேமராவின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/2 வரை திறக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆரை வாங்கியவர் கையில் பணம் தீர்ந்துபோய், எஃப்/5.6 மட்டுமே திறக்கும் மலிவான ஜூம் லென்ஸை அதில் மாட்டினால் மூன்று ஸ்டாப் ஒளி அங்கேயே போய்விடும். ஐந்தில் எஞ்சுவது இரண்டு. உடலுக்கு எல்லாத் தொகையையும் கொட்டிவிட்டு லென்ஸுக்கு ஒன்றும் வைக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எளிய 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் இந்த இழப்பு நேராது. நிக்கானின் லென்ஸ் பொருத்தும் வாய் 1959 முதலும், கேனானின் இஎஃப் வாய் 1987 முதலும் வழக்கில் இருப்பதால் பழைய லென்ஸ்களுக்குப் பஞ்சமில்லை. டி700 உடலுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், தனி மோட்டார் இல்லாத பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களும் அதில் இயங்கும்.

மிக அருகிலிருந்து எடுக்கும் படங்களில் கணக்குத் தலைகீழாகிறது. பெரிய சென்சாரின் பெருமையான ஆழமற்ற ஃபோகஸ், தட்டானின் முகத்தருகே போனதும் இடையூறாகிவிடும். கண் தெளிவாக இருந்தால் இறக்கையின் நுனி கரைந்துபோகும். துளையைச் சுருக்கினால் ஒளி போதாது, ஒளிக்கு ஃபிளாஷ், அதைப் பிடிக்கத் தாங்கி, கூடவே தனி மேக்ரோ லென்ஸ் என்று சுமை வளர்கிறது. சிறிய சென்சாரில் எஃப்/2 தரும் ஃபோகஸ் ஆழம், முழுச்சட்டத்தில் ஏறத்தாழ எஃப்/11 தரும் ஆழத்துக்குச் சமம். டிஜி-6 ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில்கூட ஃபோகஸ் செய்யும். நீருக்கடியில் கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும் தட்டான் இளவுயிரியை, கையை மட்டும் உள்ளே விட்டு நான் எடுத்த படங்களை எந்தத் தொழில்முறை உடலாலும், அதற்கென்று பெரிய நீர்த்தடுப்புக் கூடு வாங்காமல், எடுத்திருக்க முடியாது. எடையையும் சொல்ல வேண்டும்: டிஜி-6 பேட்டரியோடு கால் கிலோ, டி700 உடல் மட்டும் பேட்டரி இல்லாமலே ஒரு கிலோ. நாள் முழுதும் நடப்பவரின் கழுத்துக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஓடும் விளையாட்டு வீரரையும் பறக்கும் பறவையையும் எடுக்க விரும்புபவர் சிறிய கேமராவை நினைக்கவே வேண்டாம். அதன் ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே பறவை போய்விடும். வெயிலில் அதன் திரையும் சரியாகத் தெரியாது, கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டரும் கிடையாது. வீட்டுக்குள் குடும்பப் படங்கள் மட்டுமே எடுப்பவருக்கும் அது தேவையில்லை. நல்ல கைப்பேசிகள் பலவற்றின் சென்சார் இன்று அதைவிடப் பெரியது.

பழைய டிஎஸ்எல்ஆரை வாங்க முடிவு செய்தவர்கள் விற்பவரிடம் ஷட்டர் கவுண்ட்டை (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணை) மட்டும் கேட்டுவிட்டு நிற்காமல், இன்னும் சிலவற்றை நேரில் பார்ப்பது நல்லது. டி3, டி700, 5டி மார்க் 2 ஆகியவை காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டுகளை ஏற்பவை. கார்டு நுழையும் துளைக்குள் ஐம்பது மெல்லிய ஊசிகள் நிற்கும். அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் கேமரா கார்டை ஏற்காமல் போகலாம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிடியின் ரப்பர் பிசுபிசுத்திருந்தால் உள்ளே இருக்கும் அடைப்புகளும் அதே வயதுடையவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். வீடியோ வேண்டுமென்பவர்கள் டி3, டி700 இரண்டையும் விட்டுவிட வேண்டியதுதான். அவற்றில் அந்த வசதியே இல்லை. 5டி மார்க் 2-இல் உண்டு. உதிரிபாகங்களை எந்த நிறுவனமும் காலமெல்லாம் தயாரிப்பதில்லை என்பதால், ஷட்டர் ஒருநாள் நின்றுவிட்டால் அந்த உடலோடு கதை முடிந்தது என்று எண்ணியே வாங்க வேண்டும். லென்ஸ்கள் மிஞ்சும், வேறோர் உடலில் அவை வாழும்.

என்னிடம் இப்போதும் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒன்றை மட்டுமே வைத்துக்கொள் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் சிறியதை வைத்துக்கொள்வேன், ஏனெனில் என் தட்டான்கள் நீரில் பிறக்கின்றன. மாலை நேர மேடைகளையும் மனித முகங்களையும் எடுப்பவர் தயங்காமல் பழைய டிஎஸ்எல்ஆரையும் ஒரு நல்ல லென்ஸையும் வாங்கலாம். மழையிலும் ஆற்றிலும் அதைக் காப்பது தம் பொறுப்பு என்று தெரிந்து வாங்கினால் போதும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய வழிகாட்டிக் கட்டுரைகளை வெளியிடும்போது, 'உறுதியானது', 'நீர் புகாதது' என்ற சொற்களோடு நிறுத்தாமல், எத்தனை மீட்டர் வரை, எவ்வளவு உயரத்திலிருந்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அடைப்பு மாற்ற வேண்டும் என்று அந்தந்தக் கேமராவின் கையேட்டில் உள்ள வரம்புகளையும் கட்டுரையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரக் கட்டுரைக்கும் அப்படியொரு கட்டத்தைத் திருத்தமாக வெளியிட்டால், அதை வெட்டி வைத்திருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்