உடல்நலப் பதற்றத்துக்கு இணையவழி சிகிச்சை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உடல்நலப் பதற்றம், அதாவது பெரிய நோய் வந்துவிட்டதோ என்ற ஓயாத பயம், உள்ளவர்களுக்கான உங்கள் சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் பயிற்சியால் மாற்றும் உளவியல் சிகிச்சை) செயலியில் சென்ற மாதம் வந்த மாற்றம் குறித்து எழுதுகிறோம். பயிற்சித் தாளைப் படித்து வாரந்தோறும் பதில் எழுதிவந்த ஆலோசகரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தானியங்கிப் பதிலை வைத்திருக்கிறீர்கள். இந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் வருத்தத்தைவிடக் கோபம் அதிகமாக வருகிறது.

ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதோ, புற்றுநோயோ என்று நாளெல்லாம் விரலால் அழுத்திப் பார்க்கிறார் ஒருவர். அழுத்த அழுத்த அந்த இடம் கன்றிப்போய் வலிக்கும். அந்த வலியே அவருக்குப் புது ஆதாரமாகிவிடும். முதலில் அவர் எத்தனை முறை தொட்டார், தொடுமுன் மனதில் என்ன ஓடியது என்று குறித்துவைக்க வேண்டும். அடுத்தது தள்ளிப்போடுவது: தொடத் தோன்றியதும் 10 நிமிடம் பொறுப்பது, பிறகு அரை மணி, பிறகு ஒரு நாள். அதன்பின் புற்றுநோய் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, தொடாமல், இணையத்தில் தேடாமல், வீட்டில் யாரிடமும் கேட்காமல் இருப்பது. ஒவ்வொரு முறையும் பதற்றத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட வேண்டும். முதல் சில முறை அது ஏறத்தான் செய்யும். எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றுவதும் அப்போதுதான்.

அந்த நேரத்தில் அவர் '90 ஆகிவிட்டது, இது கட்டிதானோ?' என்று எழுதினால் தானியங்கி சொல்வது இது: 'கவலைப்படாதீர்கள், இது பலருக்கும் வருவதுதான். அறிகுறி தொடர்ந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.' முதல் வரி தரும் நிம்மதி அரை மணி நேரம்கூட நிற்காது. இரண்டாவது வரி அவர் கையைத் திரும்பவும் கழுத்துக்கே கொண்டுபோகும். ஆறுதல் கேட்கும் பழக்கத்தை நிறுத்த வந்தவருக்கு, நள்ளிரவிலும் எத்தனை முறை கேட்டாலும் ஆறுதல் தரும் இயந்திரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். நோயை வளர்க்கும் அதே சுழற்சியைச் சிகிச்சைக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள்.

நல்ல ஆலோசகர் கட்டி இருக்கிறது என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். 'தொடாமல் விட்டபோது பதற்றம் எவ்வளவு நேரத்தில் இறங்கியது? இந்தப் படி பெரிதாக இருந்தால் நாளைக்குப் பாதியாக்கிக்கொள்வோமா?' என்று கேட்பார். அந்தப் பதிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

செலவு காரணம் என்றால், 2020-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வைப் பாருங்கள். 204 பேருக்கு 12 வாரச் சிகிச்சை. நேரில் நடந்ததைவிட இணையவழி சிகிச்சை பலனில் குறைந்துவிடவில்லை. இணையவழியில் ஒரு நோயாளிக்காக ஆலோசகர் செலவிட்டது வாரத்துக்குச் சுமார் 10 நிமிடம்; நேரடிச் சிகிச்சையில் சுமார் 45 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தையும் வெட்ட வேண்டுமா? ஆலோசகர் வழிகாட்டாத இணையவழி வடிவமும் பயன் தந்திருக்கிறது என்று 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வைக் காட்டுவீர்கள். உண்மைதான். ஆனால் அதற்கும், கேட்கும்போதெல்லாம் ஆறுதல் சொல்லும் தானியங்கிக்கும் சம்பந்தமில்லை. ஆள் இல்லையென்றால் பயிற்சித் தாளை மட்டும் கொடுங்கள், அதுகூட இதைவிட மேல்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காலையில் 'இன்று உங்கள் உடல் எப்படி இருக்கிறது?' என்ற அறிவிப்பு, கைக்கடிகாரத்திலிருந்து இதயத்துடிப்பை இழுத்துக் காட்டும் வரைபடம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை. உடலையே துருவிக்கொண்டிருப்பவருக்கு இவை எதற்கு? பயன்பாடு கூடுவதை வெற்றியாகக் கணக்கிடும் செயலிகள் பெருகிவிட்டன. இந்தச் சிகிச்சையிலோ செயலியைத் திறக்கும் தேவை குறைவதுதான் முன்னேற்றம்.

பாதுகாப்பு எச்சரிக்கையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தொடக்கத்தில் ஒரு முழு மருத்துவப் பரிசோதனை நடக்கட்டும். எந்தப் புது அறிகுறிக்கு எத்தனை நாள் பொறுப்பது என்பதை மருத்துவரோடு பேசி ஒருமுறை எழுதிவைக்கட்டும். திடீரென ஒரு பக்கம் செயலிழப்பது, மூச்சுத் திணறலோடு கடும் நெஞ்சுவலி போன்றவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பக்கத்துக்குப் பக்கம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

பயத்தை நேரில் சந்திக்கும் வாரங்களில் இப்போதும் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகவாவது தானியங்கிப் பதிலை உடனே நிறுத்தி, ஆலோசகரின் வாராந்தரப் பதிலை மீண்டும் தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிபிடி ஆலோசகர்கள் சிலர்