தவறான ஸ்கீ: நான்காவது முறையாகப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய தவறான ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) பற்றி நான்காவது முறையாக எழுதுகிறேன். மூன்று முறையும் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இனி போனில் மன்றாட எனக்குத் தெம்பில்லை.

ஸ்கீ வாங்கும்போது நிரப்பிய உங்கள் படிவத்தில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. உயரம் 168 செ.மீ., எடை 62 கிலோ, இரண்டு சீசன் பழக்கம், உருட்டிச் சமன் செய்த சரிவில் மட்டும் நிதானமாக இறங்குபவன். இதற்கு 155 முதல் 160 செ.மீ. வரை நீளமும், நடுவில் 80 மி.மீ.க்கு உட்பட்ட அகலமும் உள்ள, வளைந்து கொடுக்கும் ஸ்கீ போதும். வந்ததோ 178 செ.மீ. நீளம்! நடுவில் 104 மி.மீ.! உங்கள் மாடல்தானே, எதற்காகச் செய்தது என்று உங்களுக்குத் தெரியாதா? ஆழமான புதுப்பனியில் மிதக்கிற பலகை அது. கெட்டிப் பனியில் நான் அதை விளிம்புக்குச் சாய்ப்பதற்குள் திரும்ப வேண்டிய இடமே தாண்டிப் போய்விடுகிறது.

அதைச் சொன்னபோதுதான் உங்கள் ஊழியர், "ஸ்கீயில் ஒரு குறையும் இல்லை, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முழங்கால் வீங்கிக் கட்டிலில் கிடந்துகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அந்த அழைப்பின் பதிவை நீங்கள் தயவுசெய்து கேட்க வேண்டும்.

முழங்கால் ஏன் வீங்கியது என்று சொல்லவில்லையே. விழுந்தால் பூட்ஸைக் கழன்றுவிடச் செய்ய வேண்டிய பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடி), நான் விழுந்தபோது விடவில்லை. பலகையோடு வந்த அட்டையைப் பிறகுதான் பார்த்தேன்: மூன்றாம் வகை என்று போட்டிருக்கிறது. அது வேகமாகப் பாய்பவர்களுக்கான கணக்கு. படிவத்தில் நான் குறித்தது நிதானமாக இறங்குபவர்களுக்கான முதல் வகை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் வகை இவற்றை வைத்துத்தான் பைண்டிங் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவை வைப்பார்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தும் யாரோ ஒருவர் படிக்காமல் திருகியிருக்கிறார். கால் போயிருந்தால் யார் பொறுப்பு?

அப்புறம் அந்தப் பயணம். நொண்டிக்கொண்டே நான்கு மணி நேரம் பஸ்ஸில் பலகையைச் சுமந்து உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். "பூட்ஸ் எங்கே? அது இல்லாமல் பைண்டிங்கைச் சோதிக்க முடியாது" என்றார்கள். வேறு ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்று முதல் நாளே போனில் கேட்டேன். பலகை மட்டும் போதும் என்றவர் சிரித்த அதே ஆள்தான்! மறுபடி பூட்ஸோடு போனால், பைண்டிங் பூட்டத் துளை போட்ட பலகையைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். துளை போட்டது நானா? பூட்டித்தானே அனுப்பினீர்கள்?

இந்தக் குளிர்காலமே எனக்கு நாசமாகிவிட்டது. வருஷம் முழுக்கச் சேர்த்த விடுப்பு மொத்தமும் போயிற்று. இனி ஒரு சரிவின் உச்சியில் பயமில்லாமல் நிற்பேனா என்று தெரியவில்லை.

உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. இந்தப் பலகையை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், அல்லது படிவத்தில் உள்ளபடி சரியான ஸ்கீயைக் கொடுத்து, என் பூட்ஸை வைத்து என் கண்முன்னே பைண்டிங்கைச் சோதித்துக் கொடுங்கள். சிரித்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். 10 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அந்த அட்டையையும் மருத்துவ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

(அட்டையின் நகலும் படிவத்தின் நகலும் இணைத்துள்ளேன். இந்த முறையாவது படியுங்கள்.)