பினாயில் நிறுத்திய ஆண்டு: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் பழுது, தெருவிளக்கு மனு, சந்தா நிலுவை ஆகிய வழக்கமான செய்திகள் வரவு செலவுக் கணக்கோடு இணைத்த தாளில் உள்ளன. சென்ற பொதுக்குழுவில் அதிகம் வாதாடிய பொருள் துப்புரவுச் சாமான் மாற்றம் என்பதால், இந்த அறிக்கை அதைப் பற்றியது மட்டுமே.

தீர்மானத்தின்படி படிக்கட்டு, நடைக்கூடம், பொதுக் கழிப்பறை, சங்கக் கூடம் ஆகிய இடங்களுக்குக் கருப்புப் பினாயிலும் சில்லறை ஆசிட்டும் இவ்வாண்டு வாங்கவில்லை. பிளீச்சிங் பவுடரை முழுதாக விடவில்லை. அதற்கான காரணம் பின்னால் வருகிறது. பெரும்பாலான வீடுகளும் ஏதோ ஒரு அளவில் மாறியிருக்கின்றன. முழுதாக மாறிய வீடுகளைவிட, ஆசிட்டை மட்டும் நிறுத்திய வீடுகளே அதிகம். அதுவே பெரிய காரியம் என்பது செயற்குழுவின் கருத்து.

நம் பகுதி மழைநீர் வடிகால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் போய்ச் சேர்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் அது. வாசல் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் அதுதான். 2019 இறுதியில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் மழைக்குப் பின் வெள்ளை நுரை ஒதுங்கியபோது குழந்தைகள் அதில் விளையாடிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். கழிவுநீரோடு போன சோப்புத்தூளுக்கும் அதில் பங்குண்டு.

அதைவிட அருகில் உள்ள காரணம், துடைப்பவர் மூச்சு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலோ வேலையாகவோ தொடர்ந்து துப்புரவு செய்த பெண்களின் நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. நம் படிக்கட்டைத் துடைப்பவர்கள் கதவு சாத்திய கழிப்பறைக்குள் ஆசிட் ஆவியில் குனிந்து நிற்பவர்கள். உறுப்பினர்கள் இதை வாசனை விவகாரமாக மட்டும் பார்க்க வேண்டாம்.

முதலில் நிறுத்தியது: கலப்பது

கழிப்பறையில் ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரைத் தூவுவது பல இடங்களில் பழக்கம். ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரில் இருக்கும் ஹைப்போகுளோரைட்டோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவர் மூக்குக்கு நேராக நிற்கும். கடையில் விற்கும் நீல நிறக் கழிப்பறைத் திரவங்களிலும் பெரும்பாலும் அதே அமிலம்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வினிகர், எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் ஆசிட், பழத்தோலையும் வெல்லத்தையும் வீட்டில் புளிக்கவைத்த பயோ என்சைம் எல்லாமே அமிலங்கள். 'இயற்கை' என்று பெயர் வைத்ததால் பிளீச்சிங் பவுடர் இவற்றிடம் தயவு காட்டாது. எதனோடு சேர்ந்தாலும் அதே வாயுதான். ஆகவே பிளீச்சிங் ஒரு நாள், அமிலம் வேறு நாள், நடுவே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுதல் என்று அட்டை எழுதிக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

இன்னொரு வீண் கலவை, ஆப்பசோடாவும் வினிகரும். பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் தோன்றும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்று முடித்தபின் மிஞ்சுவது கரியமில வாயு போக, தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற உப்பும்தான். மூடிய பாட்டிலில் கலந்தால் பாட்டில் வெடிக்கும். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் உருப்படியான பொருள்கள்.

உப்புக்கறை

நம் போர் தண்ணீரின் சாபம் இது. குழாய் முனை, ஷவர், கிளாசெட், வாளி விளிம்பு எங்கும் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலத்தில் மட்டுமே கரையும். எவ்வளவு சோப்பு போட்டாலும் அசையாது. ஆசிட்டுக்கு மாற்றாகச் சிட்ரிக் ஆசிட் தூளை வாங்கினோம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள்.

குழாய்க்கும் ஷவருக்கும் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம். கழற்ற முடிந்தால் கழற்றி அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவவும். முடியாவிட்டால் துணியை நனைத்துச் சுற்றிக் கட்டவும். அரை மணிக்கு மேல் விட்டால், முலாம் உரிந்த இடத்தில் உலோகம் கருக்கும். கொதிக்கும் தண்ணீரில் கரைத்தால் வேகமாக வேலை நடக்கும் என்று சிலர் செய்தார்கள், பலன் தலைகீழ். சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற வெள்ளைப் பொருள் படிந்து, கறைமேல் இன்னொரு கறையாக ஒட்டிக்கொள்கிறது.

கிளாசெட்டுக்கு, தேங்கிய தண்ணீரைப் பிரஷ்ஷால் உள்ளே தள்ளிவிட்டு 100 கிராம் தூளைக் கறைமேல் தூவி, இரவு முழுதும் விட்டுக் காலையில் தேய்க்கவும். தண்ணீரைத் தள்ளாமல் தூவினால் அமிலம் நீர்த்துப்போய் வேலை செய்யாது. 'பவுடர் சரியில்லை' என்று வந்த புகார்களில் பெரும்பாலானவை இதனால் வந்தவைதான். பல ஆண்டுக் கறை ஒரே இரவில் போகாது. மூன்று நான்கு முறை ஆகும்.

அமிலம் படக்கூடாத இடங்கள்: கடப்பா கல் மேடை, மார்பிள், மொசைக் தரை, டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்ட். கடப்பா கல்லே சுண்ணாம்புக் கல் வகைதான். மொசைக்கில் இருப்பவை மார்பிள் சில்லுகள். உப்புக்கறையைக் கரைக்கும் அதே அமிலம் கல்லையும் கரைக்கும். பளபளப்புப் போய் வெள்ளைத் திட்டு விழுந்தால் திரும்ப மெருகேற்றுவது தவிர வழியில்லை. எலுமிச்சை மூடியைக் கடப்பா மேடையில் கவிழ்த்து வைத்தாலே தடம் விழும். கிரானைட் தாங்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு

அடுப்பங்கரை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அமிலம் உதவாது, காரம் வேண்டும். சலவைச் சோடா இரண்டு டேபிள்ஸ்பூன், ஒரு லிட்டர் வெந்நீர், இருபது நிமிடம் ஊறல். ஆப்பசோடா இதைவிட மிக மென்மையானது. சலவைச் சோடாவின் காரம் கையை எரிக்கும், ரப்பர் கையுறை கட்டாயம். அலுமினியத்தில் படவே கூடாது, கருத்துவிடும். சிம்னியின் வலைப் பில்டர் பல மாடல்களில் அலுமினியம். துருப்பிடிக்காத எஃகு என்று உறுதியானால் மட்டும் ஊறவைக்கவும். ஐயம் இருந்தால் பாத்திரம் துலக்கும் சோப்புநீரும் பொறுமையும் போதும்.

சிங்க் அடைப்புக்குக் காஸ்டிக் சோடா கொட்டுவதை விட்டு, அடியில் கசடு தங்கும் கிண்ணமான பாட்டில் டிராப்பைக் கழற்றிக் கழுவும்படி கேட்டுக்கொண்டோம். கொதிநீரையும் ஊற்ற வேண்டாம்; பிவிசி குழாய் இளகி இணைப்பு விடும்.

தரை துடைக்க

கடினத் தண்ணீரில் சோப்பு வெண்திட்டாகத் திரிந்து தரையில் படியும். பூந்திக்கொட்டையில் நுரை தரும் பொருளான சபோனின் அப்படித் திரியாது. அதனால் பொது இடத்துக்கு அதைத் தேர்ந்தோம். விதை நீக்கிய தோல் 100 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டவும். ஐந்து லிட்டர் பக்கெட்டுக்கு 100 மில்லி. அதற்குமேல் போனால் தரை பிசுபிசுக்கும். வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் நாறும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். நுரை குறைவாக வருவது குறையல்ல. ஆனால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீனுக்கும் விஷம், மீன் தொட்டி பக்கமும் குளத்திலும் ஊற்றக் கூடாது.

மாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே பக்கெட்டில் அலசி அலசித் துடைத்தால் எந்தத் திரவமும் அழுக்கைப் பரப்பத்தான் செய்யும். அலச ஒன்று, துடைக்க ஒன்று என இரண்டு பக்கெட். முடிந்ததும் மாப் வெயிலில். நாற்றப் புகார் பாதி இதிலேயே நின்றது.

பயோ என்சைம் பற்றி உறுப்பினர்களுக்குள் இரண்டு கட்சி. அளவு எடைக்கணக்கில் வெல்லம் 1, பழத்தோல் 3, தண்ணீர் 10. 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடி வேண்டாம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். மூன்று மாதம் ஆனபின் வடிகட்டலாம். மேலே வெள்ளை ஆடை படிந்தால் பரவாயில்லை. கரும்பூஞ்சையும் அழுகல் நாற்றமும் வந்தால் உரக்குழிக்குப் போகட்டும். செயற்குழுவின் கணிப்பில் இது மணமுள்ள மெல்லிய வினிகர், அவ்வளவே. தோலை வீணாக்காமல் தரை துடைக்க நல்லது. கிருமிநாசினி அல்ல, ஏரியைச் சுத்திகரிக்கும் என்ற வாட்ஸ்ஆப் செய்திகளுக்குச் சங்கம் பொறுப்பல்ல.

வைத்துக்கொண்டவை

அழுக்கு நீக்குவது வேறு, கிருமி கொல்வது வேறு. நோயாளி வாந்தி எடுத்த இடம், வயிற்றுப்போக்கு வந்த வீட்டுக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பூந்திக்கொட்டை போதாது. கைபடும் பரப்புகளுக்கு, கடையில் கிடைக்கும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் 20 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீரில், ஏறக்குறைய 0.1 சதவீதம் வரும். வாந்தி, ரத்தம் சிந்திய இடத்துக்கு ஐந்து மடங்கு, அதாவது 100 மில்லி. முதலில் துடைத்து அழுக்கை எடுத்துவிட்டு, ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு செலவாகிவிடும். கலந்த நீர் மறுநாளுக்கு ஆகாது.

மேல்தொட்டியைக் கழுவியபின் ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். தூளை அப்படியே கொட்டாமல் வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஓர் இரவு வைத்துத் திறந்துவிட்டு அலசவும். அந்த நீர் குடிக்கவோ குளிக்கவோ அல்ல. பிரித்த பவுடர் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும். ஆகவே சிறு பொட்டலமாகவே வாங்குகிறோம்.

மழைக்காலக் குளியலறைப் பூஞ்சைக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. 6 சதவீதம் என்றிருந்தால் சமமாகத் தண்ணீர் சேர்த்துத் தெளித்துப் பத்து நிமிடம் விடவும். வெளிச்சம் புகாத பாட்டிலில் வைக்கவும். வினிகரோடு சேர்க்க வேண்டாம்.

துணி அலமாரிப் பாச்சை உருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியில் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு ரத்த அணுக்களை உடைக்கும். குழந்தை உள்ள வீடுகள் அதைக் கட்டாயம் அகற்ற வேண்டும். அதில் வைத்த பழைய துணிகளைத் துவைத்து வெயிலில் காயவைக்காமல் குழந்தைமேல் போர்த்தவும் கூடாது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு

ஒன்று, கிருமிநாசினிகளைப் பூட்டிய அலமாரியில் வைப்பது. சாவி காவலாளியிடமும் செயலாளரிடமும். இரண்டு, குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ எந்தத் துப்புரவுத் திரவத்தையும் ஊற்றி வைப்பதைத் தடை செய்வது. யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற குறிப்பும் பலகையில் இடம்பெறும். மூன்று, துப்புரவுப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு ஜோடி என்று தரும் கையுறையை மாதம் ஒரு ஜோடியாக்குவது. இதற்கான தொகையைப் பொருளாளர் அடுத்து வாசிக்கும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறார்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்