தேதி சொல்லுங்கள், ஆறு வாரம் கொடுங்கள்: கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

கடலூர்,
நவம்பர் 2025

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து சீசனை நடத்தும் பொறுப்பில் உள்ளோர்க்கு,

வணக்கம்.

நான் கடலூரில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் காலை வேளைகளில் கால்பந்துப் பயிற்சி அளித்துவருபவன். ஒப்பந்தம், வழக்கு, டெண்டர் என்று நீளும் கதையை உங்களுக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. சீசன் நிறுத்திவைக்கப்பட்டதாக ஜூலை 11 அன்று செய்தி வந்தது. லீகின் வணிக உரிமைக்கான டெண்டருக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை என்ற செய்தி இந்த மாதம் வந்தது. "இந்த முறை சென்னையின் தேறுமா, சார்?" என்று சென்னையின் எஃப்.சி. அணியைப் பற்றி என் மாணவர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். பொறுப்பாகப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், அந்தப் பதிலில் பாதி உங்கள் கையில் இருப்பது தெரிந்தது.

சென்ற சீசனில் சென்னையின் எஃப்.சி. 24 ஆட்டங்களில் 7 வெற்றி, 6 டிரா, 11 தோல்வி என்று 27 புள்ளிகளோடு, 13 அணிகளில் 11ஆவதாக முடித்தது. ஆறாம் இடம் பிடித்துப் பிளே-ஆஃபுக்குள், அதாவது முதல் ஆறு அணிகள் கோப்பைக்காக மோதும் அடுத்த சுற்றுக்குள், நுழைந்த மும்பை சிட்டிக்கு 36 புள்ளிகள். ஒன்பது புள்ளி என்பது மூன்று வெற்றி. எட்டாத தொலைவு என்று அதைச் சொல்ல முடியாது. முதல் ஆட்டத்திலேயே ஒடிசாவை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என்று வென்ற அணி, கடைசி ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று வென்ற அணி, கோல் அடிக்கத் தெரியாத அணி அன்று. அதன் குறை, கோலைத் தடுக்கும் பின்வரிசையில் இருக்கிறது. சென்ற மாதம் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் அக்டோபர் 25 அன்று மோகன் பகானிடம் 0-2, மூன்றே நாளில் ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 என்று தோற்றபோது அந்தக் குறை எல்லோர் கண்ணிலும் பட்டது.

இந்தத் தோல்விகளுக்குப் பயிற்சியாளர் கிளிஃபர்ட் மிராண்டாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023இல் ஒடிசாவுக்கு இதே கோப்பையை வென்றுகொடுத்தவர் அவர். இந்திய வீரர்களை நன்கு அறிந்தவர். ஆனால் பின்வரிசை என்பது பெயர்ப்பட்டியலால் உருவாவதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான் பயிற்சி கொடுக்கும்போது, தடுப்பாட்டக்காரர்கள் நால்வரின் இடுப்பிலும் ஒரே வலைக்கயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவேன். ஒருவன் முன்னேறி மற்றவன் நின்றுவிட்டால் கயிறு விறைத்து இருவரையும் தடுமாறவைக்கும். முதல் வாரம் விழுந்துகொண்டே இருப்பார்கள். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில்தான் கயிறு தொய்வாகவே கிடக்க, நால்வரும் ஒரே மூச்சில் நகர்வார்கள். அதன்பிறகு கயிற்றை அவிழ்த்துவிடலாம். பதினாறு வயதுப் பையன்களுக்கு ஆகும் காலம் தொழில்முறை வீரர்களுக்கு ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவர்களை எதிர்த்து ஆடுவோரும் தொழில்முறை வீரர்கள்தானே.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். சீசன் தொடங்கும் தேதியை அறிவியுங்கள். அறிவித்த நாளிலிருந்து முதல் ஆட்டம் வரை அணிகளுக்கு ஆறு வாரமாவது கொடுங்கள்.

என் மதிப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வார முகாம் கிடைத்தால் இந்த அணி முதல் ஆறு இடங்களுக்காகக் கடைசி வாரம்வரை போராடும். இரண்டு வாரத்தில் களமிறக்கினால் மீண்டும் அடிமட்டத்தில்தான் கிடக்கும். இது வெறும் ஆசையால் சொல்வதன்று. 2016இல் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்த சென்னையின், அடுத்த சீசனிலேயே இறுதி ஆட்டத்தில் பெங்களூருவை அவர்களுடைய ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. 2019-20இல் தடுமாறித் தொடங்கிய அணி, டிசம்பரில் பயிற்சியாளராக ஓவன் காயில் வந்தபிறகு, முன்கள வீரர் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் அடித்த 15 கோல்களின் துணையோடு இறுதி ஆட்டம்வரை சென்றது. விழுந்து எழுவது இந்த அணிக்குப் பழக்கம். எழுவதற்கு நாள் வேண்டும்.

எங்கள் நிலைமையையும் கேளுங்கள். ஒவ்வொரு சீசனிலும் நாங்கள் ஒரு வேன் பிடித்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் கடந்து பெரியமேடு நேரு மைதானத்துக்குப் போவோம். ஆட்டம் முடிந்து ஊர் திரும்ப நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆகும். அதற்காக மாணவர்கள் வாரம் இருபது ரூபாய் கட்டுவார்கள். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். சென்ற வாரம், மழைநீர் தேங்கிப் பயிற்சி நடக்காத ஒரு காலையில், மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, தான் கட்டிய 340 ரூபாயைத் திருப்பிக் கேட்டான். அவனுடைய பூட்ஸின் அடித்தோல் முன்பக்கம் வாய் பிளந்து கிடந்தது. "தேதி வந்ததும் மறுபடியும் கட்டிடறேன் சார்" என்றான். அவன் பெயருக்கு நேரே கோடு போடும்போது எனக்கு வந்த கோபத்தை இந்தக் கடிதத்தில் முழுதாக எழுத முடியவில்லை.

அவன் வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம் தெரியும். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள். கடலுக்குப் போகும் நாள் தெரிந்திருப்பதால் அந்த வேலையெல்லாம் நடக்கிறது. தேதியே தெரியாத சீசனுக்கு எந்த வீரர் உடம்பைத் தயார்செய்வார், எந்த அயல்நாட்டு வீரர் கையெழுத்திடுவார்? சில கிளப்புகள் ஊதியத்தையே நிறுத்திவைத்தன. இந்த மாதம் 18ஆம் தேதி டாக்காவில் இந்திய அணி வங்கதேசத்திடம் தோற்றது. அவர்களிடம் நாம் தோற்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2027 ஆசியக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை. மாதக்கணக்கில் லீக் ஆட்டம் இல்லாத நாட்டில் தேசிய அணிக்கு மட்டும் கால் எங்கிருந்து வலுக்கும்? இந்திய மகளிர் கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசனை நாட்டுக்குத் தந்த ஊர் எங்களுடையது. கால்பந்து சரிவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்க எங்களால் முடியாது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நீதிமன்றமும் ஒப்பந்தங்களும் உங்களைக் கட்டிப்போட்டிருப்பதை நான் அறிவேன். ஆயினும் பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: தேதியை அறிவியுங்கள், அதற்குப்பின் ஆறு வாரம் கொடுங்கள். அறிவிப்பு வந்த அன்றே வேனுக்கு முன்பணம் கொடுத்துவிடுவோம். அந்தப் பையனின் இருக்கைக்கான பணத்தை நானே நோட்டில் எழுதிவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கடலூர்க் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்